மூன்றாம் முடிச்சும் என் ரெண்டு நிமிஷமும்

“…ஆனா நீ எந்திரிப்ப. எனக்குத் தெரியும்லா. ‘ரெண்டு நிமிஷம்டா’ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவ. உன்னோட ரெண்டு நிமிஷம் எவ்ளோ நேரம்னு உனக்கும் தெரியாது, இந்தச் சாமிக்கும் தெரியாது,” என்றான் என் தம்பி.

அன்று அவன்தான் மாப்பிள்ளை. கிள்ளானில், ஒரு கோயிலின் மாடி மண்டபத்தில், ஓமப் புகைக்கு நடுவே மணைப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தலையில் தலைப்பாகை, கழுத்தில் பெரிய மாலை. மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயர், தன் பெயர் அடிபடுகிறதே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். நான் மூச்சு வாங்க மேடையோரம் நின்றேன். என் உள்ளங்கை வியர்வையில் மஞ்சள் அரிசி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது எங்கள் கல்யாணத்து அரிசி இல்லை.

அந்த அரிசி என் கைக்கு வந்த கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் எனக்கு ஒரு கதையை நேராகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்யாணத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு. மாப்பிள்ளை எழுந்து நின்று தாலியைப் பெண்ணின் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போடுவான். ஓமம் வளர்க்கத் தொடங்கியதிலிருந்து அந்த நேரம் வரைக்கும் அவன் எழுந்திருக்கவே மாட்டான். மற்ற இரண்டு முடிச்சுகளை அவன் கூடப்பிறந்தவள் பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். என் தம்பிக்கு நான் ஒருத்திதான். அதனால் யார் போடுவது என்ற பேச்சே வந்திருக்கக் கூடாது.

வந்தது. ஏனென்றால் அது ஒரு கொட்டாவி விடுகிற நேரத்துக்குள் முடிகிற காரியம். கெட்டிமேளம் கொட்டும், எல்லோரும் அரிசி போடுவார்கள், முடிந்தது. அந்தக் கொட்டாவி நேரத்தில் நான் அங்கே இருப்பேனா என்பதில் வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. பெரியம்மாவுக்குச் சுத்தமாக இல்லை.

“இவ வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு மாசமாயிடும்,” என்றார் பெரியம்மா. “என் மகளை நிக்க வச்சுக்குங்க. லோரிக்கே ஸ்பேர் டயர் இருக்கு. கல்யாணத்துக்கு இருக்கக் கூடாதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா பேசினால் எனக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்புதான் வரும். வீட்டுக்குப் போகிற ரயிலில்தான், அப்படியென்றால் பஞ்சரான டயர் நான்தான் என்பது உறைத்தது.

நான் பிரிக்பீல்ட்ஸில் சேலை ரவிக்கை தைக்கிறேன். ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஒரு அறை, ஒரு மெஷின், ஒரு கண்ணாடி. தையலை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தைத்த துணியைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. “கை தங்கம், நாள் தகரம்” என்று ஒரு வாடிக்கையாளர் அக்கா என்னைப் பற்றிச் சொன்னார். அதை ஒரு வாரம் எல்லோரிடமும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், அவ்வளவு பிடித்துப்போயிற்று.

வீட்டில் எனக்கென்று தனி நேரம் ஒன்று ஓடுகிறது. சாப்பாடு எட்டு மணிக்கு என்றால் எனக்கு ஆறு என்று சொல்வார்கள். பெரியம்மா கண்டுபிடித்த முறை அது. கொஞ்ச காலம் வேலை செய்தது. பிறகு எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு என்றால் எட்டு என்று நானே கூட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். நான் கூட்டுகிறேன் என்று தெரிந்ததும் அவர்கள் ஐந்து என்றார்கள். தம்பி தன் பங்குக்கு அரை மணி நேரம் சேர்த்துக் குறைப்பான். கடைசியில் எந்த விருந்து எத்தனை மணிக்கு என்று சொன்னவர்களுக்கே மறந்துபோய், ஒரு தீபாவளிக்கு எல்லோருக்கும் முன்னால் பெரியம்மாவே பூட்டிய வீட்டு வாசலில் போய் நின்றார். அன்றும் நான் தாமதமாகத்தான் போனேன், ஆனால் அன்று மட்டும் யாரும் என்னைத் திட்டவில்லை.

எனக்கு ஏடிஎச்டி, கவனம் ஒரு இடத்தில் நிற்காத கோளாறு, என்று செராஸில் ஒரு டாக்டரம்மா சொல்லும்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. தம்பிதான் கூட்டிக்கொண்டு போனான். “ஒரு ரவிக்கை தைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று அந்த அம்மா கேட்டார்.

“அது யார் பக்கத்தில உக்காந்து பேசறாங்கங்கறதப் பொறுத்தது, டாக்டர்,” என்றேன்.

தம்பி சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு நிதானமாக விளக்கினார். நல்ல சமையல்காரிக்குக் குழம்பை வாயில் வைக்காமலே, வாசனையிலேயே உப்பு தெரியும் இல்லையா, அப்படி மற்றவர்களுக்கு நேரம் போவது தெரிகிறது, எனக்குத் தெரிவதில்லை. குழம்பு உதாரணம் நான் சேர்த்தது. அவர் சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். சோம்பேறி, பொறுப்பில்லாதவள், வாய்க்காரி என்று அதுவரை எனக்கு வைத்திருந்த பெயர்களில் கடைசி ஒன்றைத் தவிர மற்றவை எனக்குப் பொருந்தாது என்று தெரிந்ததும், வரும் வழியில், தம்பி ஓட்டிய காடியில் அழுதேன். அழுதுகொண்டே, பக்கத்து லோரியின் பின்னால் எழுதியிருந்ததைத் தம்பிக்குப் படித்தும் காட்டினேன்.

மாத்திரை தந்தார்கள். காலையில் சாப்பிட வேண்டும். எதையும் மறக்காமல் இருக்கத்தான் அந்த மாத்திரையே, ஆனால் அதைச் சாப்பிட்டோமா என்று யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? போனில் அலாரம் வைத்தேன். என் கைக்கு என்னைக் கேட்காமலே அலாரத்தை அடக்கத் தெரிந்திருந்தது.

அதனால் எனக்கு நானே சில வழி செய்துகொண்டேன். மறுநாள் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளை வாசல் நிலையில் தொங்கவிடுவேன், போகும்போதும் வரும்போதும் தலையில் இடிக்கட்டும் என்று. கொக்கி வைப்பது, ஓரம் மடிப்பது மாதிரி அலுப்பான வேலையை எடுத்துக்கொண்டு கீழே பூக்கடை அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் பூ கட்டுவார், நான் கொக்கி வைப்பேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்தால் என் கையும் கூடவே நகரும். தனியாக இருந்தால் நகராது. இது என்ன மாயம் என்று அந்த அக்காவிடம் கேட்டேன். “ஆடிக் கறக்கிற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்ட பாடிக் கறக்கணும். நீ என்ன மாடுன்னு தெரிஞ்சுக்கிட்டல்ல, அப்புறம் என்ன?” என்றார். டாக்டரம்மா பாதி நாளில் சொன்னது அவருக்கு ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது சத்தம். கடிகாரம் எனக்குப் படம் மாதிரி, சுவரில் இருக்கும், அவ்வளவுதான். காது அப்படி இல்லை. காலையில் மசாஜ் நிலையத்துக்கு வேலைக்குப் போகிற பார்வையில்லாத அண்ணன் ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு எங்கள் கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் நடப்பார். அந்தத் தட்டல் கேட்டால் காப்பியை வைத்துவிட்டு மெஷினில் உட்கார வேண்டும். பள்ளிவாசலின் மதிய பாங்கு சாப்பாட்டுக்கு. பள்ளிக்கூட வேன்களின் ஹார்ன் வந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ய வேண்டும். கோயில் மணி அடித்தால் கடையைச் சாத்த வேண்டும். அப்படியே ஓடியது. மழை பெய்து அந்த அண்ணன் வராத நாளில் மட்டும் என் காலை தொடங்காமலே மத்தியானம் ஆகிவிடும்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு தம்பி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தான். மாமாக் கடையில் ரொட்டியும் தேநீரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ரோட்டி சானாயைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டே, “பெரியம்மா சொல்றதும் நியாயமாத்தான் படுது,” என்றான்.

என் முழங்கால் மேசைக்கு அடியில் ஆட ஆரம்பித்தது. தே தாரிக் குவளை நடுங்கியது.

“அந்த முடிச்ச நான்தான்டா போடணும்,” என்றேன்.

“ஏன்? யார் போட்டா என்ன? நீ வந்து நிம்மதியா சாப்பிட்டுட்டுப் போ.”

“சாப்பாட்டுக்கு எல்லாரும் என்னைக் கூப்பிடறாங்க. நான் லேட்டா போனாலும் ஒண்ணும் கெட்டுப்போகாத காரியமாப் பாத்துப் பாத்துத்தான் கூப்பிடறாங்க. லேட்டானா கெட்டுப்போற ஒரு காரியத்தக்கூட யாரும் என்கிட்ட குடுத்ததில்ல. நீயாவது ஒண்ணு குடு.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். என் குவளையைப் பிடித்து நடுக்கத்தை அடக்கினான்.

“சரி. ஒண்ணு சொல்றேன். இனிமே நான் உனக்குப் பொய் டைம் சொல்ல மாட்டேன். ஏழுன்னா ஏழு. முகூர்த்தம் ஒன்பதோட முடியுது. அதுக்குள்ள தாலி ஏறணும். கூட்டாத, கழிக்காத.”

அவன் போன பிறகுதான் பயம் வந்தது. பொய் நேரத்தில் ஒரு மெத்தை இருந்தது. விழுந்தால் தாங்கும். இப்போது வெறும் தரை.

கல்யாணத்தன்று நான் கோயிலுக்குப் போனபோது கேட்டையே திறக்கவில்லை. என்மேல் எனக்கு அவ்வளவு பயம். பட்டுச் சேலையோடு வெளியே நடந்துகொண்டிருந்தேன். காவல்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, நேத்துக் கல்யாணத்துக்கு வந்தீங்களா?”

“இல்லண்ணே, இன்னிக்குத்தான். சீக்கிரம் வந்துட்டேன்.”

“எந்த வீட்டுக் கல்யாணம்? மாடில ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு இருக்கே.”

“மாடி,” என்றேன் பெருமையாக. அவர் சொன்னதில் பாதியைத்தான் என் காது வாங்கியது. அது அப்போது தெரியவில்லை.

ஐயர் வந்ததைப் பார்த்தேன். மேளக்காரர்கள் வந்து பசியாறியதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு கல்யாணம் எப்படித் தொடங்கும் என்பதையே அன்றுதான் பார்த்தேன். பெரியம்மா வந்து, நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். தம்பி மணையில் உட்கார்ந்தான், என்னைத் தேடினான், கண்டான், தலையாட்டினான். சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு கொடுமை எனக்கு வேறில்லை. சேலைக் கொசுவத்தை எண்ணினேன். விசிறியைப் பார்த்தேன். தோரணத்தில் ஒரு மாவிலை திரும்பியிருந்தது. எழுந்து போய் அதைத் திருப்பிவைக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது கீழேயிருந்து ஆள் வந்தது. பெண்ணுக்கு ரவிக்கைக் கொக்கி விட்டுப்போயிற்று. நான் தைத்த ரவிக்கை. தம்பியைப் பார்த்தேன்.

“ரெண்டு நிமிஷம்டா.”

“உடனே வந்துடு,” என்றான். வேறென்ன சொல்வான், பெண் வர வேண்டுமே.

உடை மாற்றும் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. இரண்டு கல்யாணத்துக்கும் அது ஒன்றுதான். கொக்கியை வைத்தேன், பெண்ணின் தலையைத் தடவினேன், அவளை மாடிக்கு அனுப்பினேன். அவளோடு நானும் போயிருக்க வேண்டும். ஆனால் மூலையில் ஒரு ஆன்டி, முகம் தெரியாதவர், கொசுவம் பிரிந்து கையில் பிடித்தபடி தவித்துக்கொண்டிருந்தார். “அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளகூட கை நுழையாதுன்னு சும்மாவா சொன்னாங்க,” என்று அவர் புலம்பியது என்னை இழுத்துவிட்டது. இப்படிப் பேசுகிற ஒருவரைக் கொசுவம் பிரிந்த நிலையில் எப்படி விட்டுப்போவது? மண்டியிட்டு மடிப்பு எடுத்துக் கொடுத்தேன். அவர் பேசினார். நானும் பேசினேன். அவருக்கு மருமகன் அமைந்த கதை பாதியில் இருந்தது.

கெட்டிமேளம் கேட்டது.

காது கேட்டால் கால் ஓடும், நான் பழக்கிய கால் அது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். எதிரில் மேடை, மேடையைச் சுற்றி முதுகுகள். “நாத்தனார், நாத்தனார், வழி விடுங்க!” என்று கத்தினேன். நாத்தனார் என்றால் எந்தக் கூட்டமும் விலகும். விலகியது. யாரோ என் முழங்கையைப் பிடித்து மேடையேற்றியும் விட்டார். பெண்ணுக்குப் பின்னால் போய் நின்று மஞ்சள் கயிற்றுக்குக் கையை நீட்டினேன். அங்கே ஏற்கெனவே வேறு இரண்டு கை இருந்தது.

“அக்கா, நீங்க யாரு?” என்றாள் அந்தக் கைக்காரி.

பெண்ணைப் பார்த்தேன். பச்சைப் பட்டு. எங்கள் பெண் அரக்கு. மாப்பிள்ளை தலைப்பாகைக்குக் கீழே, என் தம்பியின் மூக்கு இல்லாத ஒரு முகம், மிரண்டுபோய் என்னைப் பார்த்தது.

“தப்பான கல்யாணம்,” என்றேன்.

“சொல்லாதீங்கக்கா, நல்ல நேரத்துல!” என்று யாரோ அதட்டினார்கள். இன்னொருவர், வயதான அங்கிள், என் கையில் ஒரு பிடி அரிசியைத் திணித்தார். “வந்ததுதான் வந்தீங்க, போட்டுட்டுப் போங்க. வந்த கை வெறுங்கையாப் போகக் கூடாது.”

போட்டேன். மனதார வாழ்த்திவிட்டுத்தான் போட்டேன். பிறகு சேலையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். படியெல்லாம் ஒரே எண்ணம்: மேலே முடிந்திருக்கும், பெரியம்மா மகள் போட்டிருப்பாள், தம்பி ஒன்றும் சொல்லமாட்டான், இனிமேல் எனக்கு ஆறு மணி என்றே சொல்வான்.

முடியவில்லை. ஓமம்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் பெண்ணுக்குப் பின்னால் பெரியம்மா மகள், கையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

“வந்துட்டாங்க மகாராணி,” என்றார் பெரியம்மா. “இருக்கட்டும்மா, நீ உக்காரு. என் மகளே நிக்கட்டும். எதுக்கு வீண் டென்ஷன்.”

தம்பி திரும்பினான். “எங்க போன?”

“கீழ,” என்றேன். “கீழ ஒரு கல்யாணம்டா.”

அவன் என் கையைப் பார்த்தான். அரிசியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவனுக்கு விளக்கம் எதற்கு? மாலை குலுங்கியது. சிரிக்கிறானா, பெருமூச்சு விடுகிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“பெரியம்மா, தங்கச்சிய உக்காரச் சொல்லுங்க,” என்றான். பிறகு என்னிடம், “முடிச்சு உனக்குத்தான். அதுல மாத்தமே இல்ல,” என்று தொடங்கியவன், முன்னால் சொன்னேனே, அதைச் சொன்னான். நீ எந்திரிப்ப. ரெண்டு நிமிஷம்டான்னுவ.

“எந்திரிக்கவே மாட்டேன்டா. சத்தியமா.”

அவனுக்குப் பின்னால், மேடைத் தரையில் உட்கார்ந்தேன். சத்தியம் வாயில் ஈரமாக இருக்கும்போதே, மேடையோரத்தில் குத்துவிளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. எண்ணெய் விளிம்பில் நின்றது. யாரும் பார்க்கவில்லை. ஒரு சின்னக் கடதாசியை மடித்து அடியில் வைத்தால் நேராகிவிடும், எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? என் முழங்கால் ஆடத் தொடங்கியது. உள்ளங்கை தானாகத் தரையில் ஊன்றியது.

தம்பி திரும்பவில்லை. வலது கையில் ஐயர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இடது கையைப் பின்னால் நீட்டித் துழாவி, என் முந்தானையைப் பிடித்து முன்னால் இழுத்தான்.

“தம்பி, அசையக் கூடாது,” என்றார் ஐயர்.

“இதோட சரி சாமி. இனிமே தாலி கட்டத்தான் எந்திரிப்பேன்,” என்றான். பிறகு இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, என் பட்டு முந்தானையைப் பலகையின் மேல் விரித்து, அதன் மேல் அழுத்தமாக உட்கார்ந்தான்.